உட்கார்ந்த உழைப்பு

நம் சிவகாசியில் சோம்பேறி என்று யாரையும் சுட்டிக்காட்டிவிட முடியாது. மழை பொய்க்கும் வறண்ட பூமியிலே தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத்தொழில் மூன்றையும் வளர்த்து, "குட்டி ஜப்பான்" என்று பெயர் வாங்கிய ஊர் இது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். இப்படிப்பட்ட ஊரிலே "உடல் அசைவு போதவில்லை" என்று ஒருத்தி சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ஆயினும் அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆபீஸிலும் (வெளியூர்த் தோழியர் திகைக்க வேண்டாம், நம் பக்கத்தில் தொழிற்சாலைக்குப் பெயர் ஆபீஸ்தான்) நம் தாய்மார் செய்யும் வேலை என்ன? காகிதக் குழாய் உருட்டுவது, சரம் பின்னுவது, பெட்டியில் குச்சி அடைப்பது, தாள் ஒட்டுவது. கை பறக்கிறது, கண் உழைக்கிறது, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. காலையில் சம்மணமிட்டு அமர்ந்தவர் பலர் மதியச் சோற்றுக்குத்தான் எழுகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால், எழுந்து நடந்த நேரத்திற்குக் கூலி ஏது? மாலையில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது. அந்த வலியைப் பார்த்து, உடம்புக்கு வேண்டிய வேலை கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

வீட்டிலே குடமும் விளக்குமாறும் காத்திருப்பதால் தாய்மார் ஓரளவு நடந்துவிடுகிறார்கள். நாமோ பள்ளியில் பெஞ்சு, டியூஷனில் பாய், பஸ்ஸில் இடம் கிடைத்தால் இருக்கை, இரவில் செல்போனோடு கட்டில் என்று இடம் மாறி மாறி உட்காருகிறோம்.

உட்காருவதில் அப்படி என்ன கெடுதல்? நம் உடலின் பெரிய தசைகள் தொடையிலும் காலிலும் இருக்கின்றன. அவை சுருங்கி விரியும்போதுதான் இரத்தத்திலுள்ள சர்க்கரையை நிறைய இழுத்துக்கொள்கின்றன; கொழுப்பையும் கரைத்துச் செலவிடுகின்றன. கெண்டைக்காலுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: கீழே இறங்கிய இரத்தத்தை மேலே இருதயத்துக்குத் தள்ளிவிடுவது. மணிக்கணக்கில் அசையாதிருந்தால் இவை எல்லாம் உறங்கிவிடுகின்றன. உண்ட சோற்றின் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. சர்க்கரை வியாதியும் இருதய நோயும் நுழையும் வாசல்களில் இது ஒன்று. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டதை நினைத்துப் பாருங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உட்கார்ந்தே வேலை செய்யும் தையற்காரருக்கு முதுகு கூனுவதைக் குறிப்பிட்டு, விடுமுறை நாட்களிலாவது உடலை அசையுங்கள் என்று அறிவுரை கூறினார். 1953-இல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இருதய நோய் அதிகமாக இருந்தது. நம் டவுன் பஸ்ஸுக்கு மாடி இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் முன்னும் பின்னும் புகுந்து வருகிற கண்டக்டருக்கு அதுவே பெரிய பயிற்சி! நம் நாட்டிலேயே, கல்கத்தா அருகே ஒரு சணல் ஆலையில் நடந்த ஆய்வு 1956-இல் வெளியாயிற்று. கடும் உழைப்பாளிகள் உழைப்புக்குத் தக்கபடி உண்டு எடை ஏறாதிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களோ உழைப்புக் குறைந்தும் உணவைக் குறைக்கவில்லை, எடையும் கூடியிருந்தது. வேலை குறைந்தால் பசியும் தானாகக் குறைந்துவிடும் என்ற நம் எண்ணம் அங்கே உடைந்து போயிற்று.

11 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமாவது நன்கு மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 100 சிறுவரில் 78 பேர் இந்த அளவை எட்டவில்லை. சிறுமியரிலோ 85 பேர். இந்த வித்தியாசம் ஏன் என்று நம்மைக் கேட்டால் உடனே சொல்வோம். தம்பி தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். அக்காவுக்குப் பதின்மூன்று வயது ஆனதும், "பொம்பளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பொதுத்தேர்வு வகுப்பு வந்தால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. வாரத்தில் இரண்டு பாடவேளைகளைப் பிடுங்கிக்கொள்வதால் மதிப்பெண் எவ்வளவு ஏறும் என்று எந்தக் கணக்காசிரியரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை! உடல் இறைவன் தங்கும் ஆலயம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்துவிட்டு, அந்த ஆலயத்தை நாள் முழுதும் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

பயிற்சிக்குப் பணம் வேண்டியதில்லை. மனப்பாடப் பகுதியை நடந்துகொண்டே படிக்கலாம். தண்ணீரைப் பெரிய பாட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு தம்ளருக்கும் எழுந்து போகலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. அருட்சகோதரியர் மாலையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே மடத்து முற்றத்தில் நடப்பதைப் பார்த்திருக்கிறோமே! 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் மணலில் ஊர் ஊராக நடந்தவர். ஆடி மாதத்தில் இருக்கன்குடிக்கு நடந்து செல்லும் கூட்டத்தையும் நாம் அறிவோம். நடக்கத் தெரியாத மண்ணல்ல இது.

தாய்மார் விஷயந்தான் கடினம். "இடையிடையே எழுந்திருங்கள் அம்மா" என்று சொல்லிவிடலாம்; எழுந்தால் கூலி குறையுமென்றால் யார் எழுவார்? மருந்து இருக்கும் அறையில் கைகால் வீசச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு உரிய எச்சரிக்கை வேண்டும். ஆனால் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், வெளியே மரநிழலில் நின்று நடந்து வரவும், அந்த ஐந்து நிமிடத்துக்கும் கூலி சேரவும் வழி செய்வது முடியாத காரியமா? எட்டு மணி நேரத்தில் அது நாற்பது நிமிடம். நம் வகுப்பிலேயே முதலாளி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறாள், தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறாள். ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது, முதலாளி வீட்டுத் தோழி இந்தப் பக்கத்தை மட்டுமாவது அப்பாவிடம் படித்துக் காட்டட்டும்.