ஒட்டு வேலையா? இருக்கட்டுமே!

டிஜே மிக்ஸெல்லாம் இசையே இல்ல, வெறும் ஒட்டு வேலைன்னு சொல்ற மக்களே, ஒரு நிமிஷம். நம்ம லண்டன் தமிழ்ப் பொண்ணு எம்.ஐ.ஏ.வும் டிப்லோவும் 2004ல விட்ட 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' மிக்ஸை விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ஸுல மறுபடி கேட்டேன். அடுத்தவங்க பாட்டை அனுமதி கேக்காம வெட்டி, இவங்க குரலுக்கு அடியில ஓட விட்டிருக்காங்க. அட்டகாசம்! ஒட்டுறதுக்கும் காது வேணும்ங்க.

என் கோபமே வேற. பிரேக்பீட்காரங்க ஓயாம வெட்டி ஒட்டின ஆறு செகண்ட் டிரம்ஸ், 1969ல தி வின்ஸ்டன்ஸ் குழு போட்ட 'ஆமென், பிரதர்' பாட்டுல வருது. அடிச்சவர் கிரிகரி கோல்மன். ஆயிரக்கணக்கான பாட்டுல அவர் அடி இருக்கு. ராயல்டி ஒத்தப் பைசா வரல. 2006ல வீடில்லாம செத்துப் போனார்.

அவ்ளோ தூரம் ஏன்? திண்டிவனத்துல நம்ம வீட்டு சாவுக்குப் பறை அடிச்சவர் பேரு நமக்குத் தெரியுமா?

ஒட்டினது திருட்டில்லீங்க. அடிச்சவர் பேரை முழுங்கினதுதான் திருட்டு.