ஓட்டம் முடிந்த குதிரையின் மீதி இருபது ஆண்டு

பந்தயக் குதிரை இரண்டு அல்லது மூன்று வயதில் ஓடத் தொடங்குகிறது. ஆறேழு வயதுக்குள் பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் குதிரை இருபத்தைந்து வயதைத் தாண்டியும் வாழும். அப்படியானால் அதன் ஆயுளில் பெரும்பங்கு பந்தயத்துக்குப் பிறகுதான் வருகிறது. அந்தப் பெரும்பங்கைப் பற்றித்தான் நம் நாட்டில் பேச்சுக் குறைவு.

இலங்கையில் இன்று குதிரைப் பந்தயம் என்றால் நுவரெலியாதான். கொழும்பில் 1893இல் திறந்த பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையானது. பிறகு அங்கே பந்தயமே நின்றுபோனது. இப்போது அது விளையாட்டு மைதானமும் கடைத்தொகுதியுமாக இருக்கிறது. நுவரெலியாவிலோ ஏப்ரல் வசந்த காலம் வந்தால் இன்னமும் கூட்டம் திரளும். பந்தயத்துக்கு உதவாமற்போன குதிரைகள் சில கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன. வீதியோரத்தில் குப்பையைக் கிளறித் திரியும் குதிரைகளையும் அங்கே போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

இவற்றில் நாலைந்தை வாங்கிவந்து பாசிக்குடாவிலோ கல்லடியிலோ கடற்கரைச் சவாரி நடத்தினால் என்ன என்ற யோசனை எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் எழக்கூடியதுதான். குதிரைக்கும் ஒரு வாழ்வு கிடைக்கும், இளைஞர்கள் சிலருக்குத் தொழிலும் கிடைக்கும். நல்ல எண்ணம். ஆனால் அந்த எண்ணத்துக்கும் உயிரோடு, நலத்தோடு நிற்கும் ஒரு குதிரைக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டபின் முடிவெடுப்பதே முறை.

ஓடத் தெரிந்த குதிரைக்கு நடக்கவா சொல்லித்தர வேண்டும் என்று தோன்றும். பந்தயக் குதிரை நன்றாகப் பழக்கப்பட்ட குதிரைதான், வேறொரு வேலைக்கு. ஜொக்கி அங்கவடியைக் குறுக்கிக் கட்டிக்கொண்டு, சேணத்தில் உட்காராமல் குந்தியபடி ஓட்டுகிறார். ஆள் முழுப்பாரமாக முதுகில் அமர்வது அந்தக் குதிரைக்குப் பழக்கமில்லை. விலாவில் கால் அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியாது. கடிவாள வாரை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தால் மட்டும் அதற்கு நன்றாக விளங்கும்: அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இப்போது அதன்மேல் பழக்கமில்லாத ஒருவரை ஏற்றுங்கள். குதிரை சற்று விரைந்து நடக்கிறது. அவர் பயந்துபோய் இரண்டு கையாலும் வாரை இழுக்கிறார். குதிரை ஓடுகிறது. அவர் இன்னும் பலமாக இழுக்கிறார், அது இன்னும் பாய்கிறது. விழுந்து எழுந்தவர் அதற்கு முரட்டுக் குதிரை என்று பேர் வைத்துவிட்டுப் போகிறார். அது கற்றதைத்தான் செய்தது. ஒரு பக்க வாரை மட்டும் மெல்லப் பிடித்து வட்டமாகத் திருப்பினால் வேகம் குறையும் என்பதைக் குதிரைக்கும் மனிதருக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதற்பாடம் அசையாமல் நிற்பது. பந்தயத் திடலில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜொக்கியின் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். ஆகவே ஆள் ஏறும்வரை நிற்கும் பழக்கம் அதற்கு இராது. ஒரு மரப்பெட்டியை வைத்து அதன் அருகே குதிரையை நிறுத்துவார்கள். பழக்குபவர் பெட்டியில் ஏறி, கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். குதிரை நகர்ந்தால் அதட்டாமல் ஒரு வட்டம் நடத்திப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். அடுத்த நாள் கையைச் சேணத்தில் ஊன்றிப் பாரம் கொடுத்துவிட்டு இறங்குவார். பிறகு முதுகின் குறுக்கே வயிற்றால் சாய்ந்து ஓரிரு மூச்சு நேரம் கிடந்துவிட்டு இறங்குவார். குதிரை தலையைத் தாழ்த்தி, தாடையை அசைபோட்டு, பெருமூச்சு விடுகிற நாளில்தான் காலைத் தூக்கிப் போட்டு உட்காருவார். இந்த ஒன்றுக்கே வாரங்கள் போகும். அதன்பின் நேராக நடப்பது, இரு பக்கமும் ஒரே மாதிரித் திரும்புவது, மற்றக் குதிரைகளைப் பிரிந்து தனியே போவது என்று நீளும். முன்பின் தெரியாதவர்களை ஏற்றும் நிலைக்கு வர ஒரு வருடம் ஆனாலும் அது தாமதமே அல்ல.

அதற்கும் முன்னால் ஓய்வு. பந்தயத்தை விட்டுவந்த குதிரையின் தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, சில மாதம் சும்மா விட வேண்டும். நாளின் பெரும்பகுதி லாயத்தில் அடைபட்டுக் கிடந்ததைத் திடீரென்று பெருவெளியில் அவிழ்த்துவிட்டால் வெறிகொண்டோடிக் காலைக் கெடுத்துக்கொள்ளும். சிறிய அடைப்பில் தொடங்கி, துணைக்கு இன்னொரு குதிரையோடு, மெல்ல மெல்ல இடத்தை விரிக்க வேண்டும். துணை அவசியம். குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, தனியே நிற்பதே அதற்கு நோய். வாங்குமுன் மிருக வைத்தியரைக் கொண்டு முன்னங்காலின் பின்புறத் தசைநாரையும் முதுகெலும்பையும் பார்ப்பதும் கட்டாயம். அந்தத் தசைநார் காயம் ஆற ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லும். ஆறிய இடமும் பழைய பலத்துக்கு வராது. மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் காலைத் தடவிப் பாருங்கள்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சோம்பேறியாக்கி ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். கடிவாளத்துக்கு வாய் திறக்காத குதிரையிடம் பெரும்பாலும் ஒரு நோவு இருக்கும். கடைவாய்ப் பற்கள் ஓரத்தில் கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது அரம்போட்டுச் சீராக்க வேண்டும். வயிற்றில் புண்ணும் இருக்கலாம். குதிரையின் வயிறு உடலளவுக்குச் சிறியது, அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டேயிருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். நாள் முழுவதும் மேய்வதற்கென்று அமைந்த உடலுக்கு இரண்டு மூன்று வேளை தானியம் போட்டுப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறார்கள். பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பெரும்பான்மைக்கு வயிற்றுப்புண் இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னே மடித்துக் கடிக்க வருகிற குதிரையை அடிக்காதீர்கள், அதற்கு வயிறு நோகிறது.

வயிற்றுப்புண் ஆற மருந்தோடு புல்லும் வேண்டும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்புல்லாக 7 முதல் 9 கிலோ வரை. இங்கேதான் மட்டக்களப்பின் கேள்வி வருகிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? படுவான்கரையில் அறுவடை முடிந்தால் வைக்கோல் மலைபோல் கிடக்கும். மாடு அதை அசைபோட்டுச் சத்தெடுக்கும், குதிரைக்கு அந்த வயிறு இல்லை. வைக்கோலையே நம்பி வளர்த்தால் மெலியும், குடலில் அடைத்தும் கொள்ளும். பாற்பண்ணைக்காரர்கள் நடும் கோ-3 புல் இருக்கிறதே என்பார்கள். நேப்பியர் இனப் புல்லில் ஒக்சலேட்டு என்ற பொருள் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு உடைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதனோடு தவிடும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். தவிட்டில் பொஸ்பரசு மிகுதி, கல்சியம் சொற்பம். உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உறிஞ்சத் தொடங்கும். மாதங்கள் போகப் போக நடை தடுமாறும், முக எலும்பு இருபுறமும் புடைத்துத் தலை பெருக்கும். அன்போடு தினமும் தவிடும் பச்சைப்புல்லும் ஊட்டி வளர்த்த குதிரைக்குத்தான் இது வரும் என்பது வேதனை.

தேங்காய்ப் பிண்ணாக்கு நமக்குக் கைகொடுக்கும். பூஞ்சணம் பிடிக்காததாக இருந்தால், ஊறவைத்துக் கொடுக்க மாச்சத்துக் குறைந்த நல்ல தீனி அது. என்றாலும் புல்லுக்கு ஈடில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக நம் பண்ணையாளர்கள் 2023 முதல் வீதியில் இருந்து போராடியதை மறந்துவிட்டு, குதிரைக்கு மேய்ச்சல் எளிதாகக் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. குதிரைக்கென்று புல் விதைத்து, வெட்டி, காயவைத்துச் சேமிக்கும் நிலம் முதலில் வேண்டும்.

குதிரையைக் கொண்டுவந்து தீனியில் தவறும் கதை நமக்குப் புதியதும் அல்ல. பட்டினப்பாலை எழுந்த காலத்திலேயே தமிழ்நாட்டுத் துறைகளில் குதிரைகள் கடல்வழி வந்து இறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வாங்கப்பட்டதையும், அடுத்த ஆண்டுக்குள் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சியதையும் குறித்திருக்கிறார். சமைத்த சோறும் இறைச்சியும் தீனியாகக் கொடுத்தார்கள், பராமரிப்பு அறிந்த ஆட்கள் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பணம் இருந்த அரசர்களுக்கே அந்தக் கதி.

வெயிலுக்கு வருவோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பாசிக்குடாவின் சுற்றுலாப் பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று அனலாய் வீசுகிற மாதங்களும் அவைதான். மாரியில் குளிர்ச்சி உண்டு, அப்போது பயணிகள் இல்லை, தரை சேறு. சவாரிக்கு ஆள் வரும் காலமும் குதிரைக்கு ஏற்ற காலமும் இங்கே ஒன்றாய் அமைவதில்லை. குதிரை மனிதரைப்போல் வியர்த்துத்தான் உடலைத் தணிக்கிறது, அந்த வியர்வை நம்முடையதைவிட உப்புக் கூடியது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வெப்பநாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஆங்கிலேயரின் குதிரைகளில் அந்தக் காலத்திலேயே கண்ட நோய் இது. ஓடிவந்தபின் உடல் காய்ந்து, மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் அந்தக் குதிரையைக் கீழ்நாட்டில் வைத்திருக்கவே கூடாது. மற்றவற்றுக்கும் புதிய காலநிலைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் வேலையில்லாமல் தர வேண்டும். சவாரி விடியற்காலையில் மட்டும். நாளொன்றுக்கு 40, 50 லீற்றர் நல்ல தண்ணீர், தீனியில் ஒரு கைப்பிடி உப்பு. சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் இழுத்துக்கொள்ளும் என்பது தவறான அச்சம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் அதைத் தீர்த்துவைத்தன. தாராளமாக, தொடர்ந்து ஊற்றுங்கள்.

கடற்கரையில் நன்மையும் இருக்கிறது. பாசிக்குடாவின் ஆழமற்ற நீரில் முழங்கால் அளவு நடப்பது கால்களுக்கு நல்லது. அலை நனைத்து இறுகிய மணல் நடக்க ஏற்றது, காலைப் புதைக்கும் உலர்மணல் தசைநாருக்கு எதிரி. மணல்மேல் தீனி போட்டால் மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து வலி கொடுக்கும். வயற்கரைக் குட்டைகளில் கட்டிவைப்பது ஆபத்து. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வாழும் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் சிறு கீறல்வழி நுழைந்து ஆறாத புண்ணாக்கிவிடும். அறுவை செய்தாலும் அது பலவேளை திரும்ப வரும். குளம்போ மாதம் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வளர்வது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடித்தவர் குதிரைக்கும் அடித்துவிட முடியாது, இரண்டின் குளம்பும் வேறு.

நெடுந்தீவுக் குதிரைகள் நூற்றாண்டுகளாக யாரும் பார்க்காமலே வாழவில்லையா என்று கேட்கலாம். அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அந்தக் கரம்பையில் தாக்குப்பிடித்தவற்றின் வாரிசுகள், சிறுத்த உடல், குறைந்த தேவை. அவையும் கடும் வறட்சியில் தண்ணீரின்றி மடிகின்றன. பந்தயத்துக்கென்றே இனவிருத்தி செய்யப்பட்ட குதிரை அவற்றுக்கு ஈடுகொடுக்காது.

வேறு சில நாடுகளில் ஓட்டம் முடிந்த குதிரைகளின் பொறுப்பைப் பந்தயத்துறையே ஏற்கிறது. பிரித்தானியப் பந்தயத்துறை 2000ஆம் ஆண்டிலேயே ஓய்வுபெற்ற குதிரைகளை மறுபடி பழக்க ஓர் அறநிறுவனம் அமைத்தது. அமெரிக்காவில் 2012 முதல் இத்தகைய காப்பகங்களைத் தரம்பார்த்து நிதி கொடுக்கும் கூட்டமைப்பு இயங்குகிறது. நம் நாட்டில் விலங்குக் கொடுமைக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அதில் விதித்த அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். குதிரையைப் பந்தயத்துக்குக் கொண்டுவரும்போதே அதன் ஓய்வுக்காலத்துக்கும் ஒரு பங்கு பணம் வைப்பிலிட வேண்டும் என்று விதித்தால், வீதியில் குப்பை தின்னும் குதிரைகள் குறையும்.

எனவே எங்கள் கருத்து இது. பழக்கும் வேலை மலைநாட்டிலேயே, குளிரில், புல் உள்ள இடத்தில் நடக்கட்டும். அங்கே ஒரு வருடம் பழகி, உடல் தேறி, வெயில் தாங்கும் என்று மிருக வைத்தியர் சொன்ன குதிரைகள் மட்டும், ஒற்றையாக அல்ல, இரண்டு மூன்றாகக் கீழே வரலாம். அவை வருமுன் புல்நிலமும், குளம்பு சீவத் தெரிந்த ஆளும், ஏர்ப்புவலித் தடுப்பூசியும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் போடும் ஏற்பாடும் இங்கே இருக்க வேண்டும். இவை இல்லாமல் கடற்கரைச் சவாரி நடத்த நினைக்கும் விடுதி உரிமையாளர்கள் அந்த யோசனையை இப்போதைக்கு விட்டுவிடட்டும்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் குதிரையில் ஏற்றுமுன் சேணத்தைத் தூக்கி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். புண் இருந்தாலோ, விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தாலோ, கால் நொண்டினாலோ ஏற்றாதீர்கள், ஏன் ஏற்றவில்லை என்பதையும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நன்றாக வைத்திருப்பவரிடம் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.