இலவசக் குடையும் கொழும்புக் கப்பலும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மறுபடியும் பிரயாணிக் கப்பல் விடவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கட்டணம் எவ்வளவு என்ற கேள்வியே முன்னே வந்து நிற்கிறது. அதே வழியில் ஒரு காலத்தில் கட்டணமே வாங்காமல் ஆளேற்றிய கம்பெனி ஒன்று இருந்தது என்பதையும், அந்தத் தாராளத்தின் உட்கருத்து யாது என்பதையும் கேட்பவர்கள் சற்று எண்ணிப் பார்ப்பது நலம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை ஆங்கிலேயரின் முடியாட்சிக் காலனி. அங்கே சென்று பிழைத்த நம் தென்மாவட்டத்துக் கூலிகளும் வியாபாரிகளும் கடல் கடப்பதற்குப் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியையே நம்பியிருந்தார்கள். தூத்துக்குடியில் அக்காலத்தில் ஆழமான துறைமுகம் இல்லாமையால், கப்பல் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மூட்டை முடிச்சுகளோடு படகேறிப் போய்த்தான் அதனை அடையவேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுப் புறப்படும் ஏழைக்குக் கப்பலின் சொந்தக்காரர் யார் என்பதைவிட, சொன்ன நாளில் கப்பல் வருமா என்பதே பெருங்கவலை.

1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பாண்டித்துரைத் தேவரைத் தலைவராகக் கொண்டு, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளுடன் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். முதலில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக் கம்பெனி அந்த உடைமைக்காரரை நெருக்கவே, அவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்; பிள்ளை கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை அமர்த்த நேர்ந்தது. 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் சொந்தக் கப்பல்கள் வந்தபிறகே அந்த இக்கட்டு தீர்ந்தது. சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேரை ஏற்றிச் செல்லக்கூடிய கப்பல்கள் அவை.

கப்பலைப் பறித்துத் தடுக்க வழியில்லாமற் போனதும் கட்டணம் ஆயுதமாயிற்று. வெள்ளைக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்க, முடிவில் முன்னது இலவசமாக ஏற்றிக்கொண்டதோடு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்று பிள்ளையின் வரலாற்றை எழுதியோர் கூறுகிறார்கள். (அந்தக் குடைக்கு ஆசைப்பட்ட கூலியை நான் குறைகூற மாட்டேன், அணாக்களை எண்ணி வாழ்ந்தவன் அவன்.) இதனை வர்த்தகப் போட்டி என்று புகழ்வோரும் உளர். எத்தனை மாதம் நஷ்டத்தைத் தாங்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, எதிராளி மூழ்கும்வரை காத்திருக்கும் பணபலத்திற்குப் போட்டி என்ற பெயர் தகாது என்பதே என் அபிப்பிராயம்.

அதுவும் போதாமல் ராஜாங்கமே ஒரு பக்கம் சாய்ந்தது. 1908 மார்ச் 12-இல் பிள்ளை கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு நாற்பதாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதாயினும், தலைவனை இழந்த ஸ்தாபனம் 1911-இல் கலைக்கப்பட்டது. அதன் கப்பல்களுள் ஒன்று போட்டிக் கம்பெனியின் கைக்கே விலையாகிப் போயிற்று.

நம் காலத்துக்கு வருவோம். 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு வழியில் தொடங்கிய ‘ஸ்கோடியா பிரின்ஸ்’ சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத் தொடங்கிய படகும் சில நாட்களில் நின்று, மறு ஆண்டு ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டது. இங்கே குடை கொடுத்துக் கெடுத்த எதிராளி எவரும் இல்லை. எனினும் கரையில் நின்ற பிரயாணி அடைந்த ஏமாற்றம் பழையதுதான். ஆகையால், அடுத்த உரிமம் வழங்கும் இரு நாட்டு அரசாங்கங்களையும் வேண்டிக்கொள்வது இது: சேவையை நிறுத்த விரும்புபவர் பல மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும், அடக்கச் செலவுக்குக் கீழே கட்டணத்தை இறக்கிப் பிறரை விரட்டக்கூடாது. இவ்விரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டாம்.