எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாட: பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனைகளுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பள்ளிக்கல்வித் துறைக்கும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

பிள்ளைகளைப் பிழைக்க வைத்துக் கொடுத்தீர்கள். அந்த நன்றியோடுதான் பேசுகிறோம். ஆனால் இரண்டு, இரண்டரை ஆண்டு மருந்து முடிந்து கிளம்பும் நாளில், “ஜாக்கிரதையாப் பாத்துக்கோங்க” என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுகிறீர்கள். அந்த ஒரு சொல் வீட்டுக்கு வந்ததும் நூறாகிறது: ஓடாதே, மாடிப்படி ஏறாதே, வெயிலில் போகாதே. “செத்துப் பிழைச்ச பிள்ளை, சும்மா உக்காரட்டும்” என்று பாட்டியும் அத்தையும் சொல்ல, பிள்ளை கையில் போனோடு கட்டிலில் கிடக்கிறது. எங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. எதைச் செய்யலாம் என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

பிள்ளையின் பாதத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசி கால் நரம்புகளைத் தாக்கும். பாதத்தின் முன்பக்கம் தூக்க வராமல் தொங்கும். நடக்கும்போது செருப்பு தானே கழன்று விழும். பிள்ளை முட்டியை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் தொப்பென்று போடும். ஸ்டீராய்டு மாத்திரை தொடைத் தசையைக் கரைத்துவிடும். கக்கூஸில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த பிள்ளை சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். படுக்கவைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். படுத்தே கிடந்தால் தசை இன்னும் கரையும், எலும்பு இன்னும் மெலியும்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப அதையே சொன்னது. எங்கள் பிள்ளைகளை அந்தக் கணக்கிலிருந்து யாரும் நீக்கவில்லை.

ஆகவே முதலில் கேட்பது ஒரு தாள். சிகிச்சை முடியும்போது, அந்தப் பிள்ளைக்கென்றே தமிழில் எழுதிய தாள். எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. டாக்ஸோரூபிசின் மருந்து ஏறிய பிள்ளைக்கு இதயத்தைக் கவனிக்க எக்கோ எப்போது எடுக்க வேண்டும், பளு தூக்கலாமா என்று தெரிய வேண்டும். தொடையெலும்பில் உலோகம் வைத்த பிள்ளை எதில் குதிக்கக் கூடாது, எவ்வளவு நீந்தலாம்? ஒரே சிறுநீரகத்தோடு இருக்கும் பிள்ளை கபடி ஆடலாமா? மருந்து ஏற்ற நெஞ்சில் பதித்த போர்ட் இருக்கும்வரை எந்த விளையாட்டைத் தள்ளிவைப்பது? இடுப்பு வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யாரிடம் ஓடி வருவது? ஸ்டீராய்டு எடுத்த வளரிளம் பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு ரத்தவோட்டமின்றிச் சிதையக்கூடும் என்பதால், இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளை விழுந்த பிறகு பிசியோதெரபிக்கு எழுதித் தராதீர்கள். முதல் கீமோவிலிருந்தே தொடங்குங்கள். அப்போது எங்களை வெளிப் பெஞ்சில் உட்கார வைக்காமல் உள்ளே கூப்பிடுங்கள், அப்பாக்களையும் சேர்த்து. எங்கள் கையால் செய்து பழகினால்தான் வீட்டில் தினமும் செய்ய முடியும். பத்து நிமிடத்தில் பிள்ளை களைத்துப்போனால் விடுவதா, சற்று ஓய்வு கொடுத்து இன்னொரு பத்து நிமிடம் நடத்துவதா? நொண்டியும் பாண்டியும் ஆட எப்போது கால் தாங்கும்? இதெல்லாம் பார்த்துக் கற்கவேண்டியது.

தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ கூலியை விட்டுவிட்டு பிசியோதெரபிக்காக வாரம் மூன்று முறை சென்னைக்கு வர எங்களால் ஆகாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் பிள்ளைகளைச் சேருங்கள். பாதம் தொங்காமல் தாங்கும் ஸ்பிளிண்ட், பிள்ளை வளர வளரச் சிறிதாகிவிடும். புதியதை அரசுச் செலவில் தர வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். பி.டி. பீரியடில் எல்லோரும் மைதானத்துக்குப் போக, எங்கள் பிள்ளை வகுப்பில் பைகளுக்குக் காவல் இருக்கிறது. விலக்குக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் நாங்கள்தான். மருத்துவர்களும் தயங்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் கொடுத்த கடிதம் பத்தாம் வகுப்புவரை செல்லுபடியாகிறது. இனி எந்த விலக்குக் கடிதமும் முடிவு தேதி இல்லாமல் தரப்படக் கூடாது. அந்தத் தேதியில் பிள்ளையை மறுபடி பரிசோதித்து, எதில் சேரலாம் என்று எழுத வேண்டும். பி.டி. ஆசிரியர்களுக்கு இதற்கென்று பயிற்சி கொடுங்கள். அவர்களும் எங்களைப் போலவே பயப்படுகிறார்கள்.

எங்கள் பங்குக்கு, மாலையில் பிள்ளையோடு நாங்களும் நடப்போம். அண்ணன், அக்காவையும் ஆட்டத்தில் சேர்ப்போம். உறவினர் தடுத்தால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவோம்.

மூன்று தரப்பிடமிருந்தும் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, தாளின் ஒரு பிரதி வகுப்பாசிரியரிடமும் இன்னொன்று பி.டி. ஆசிரியரிடமும் இருக்க வேண்டும்.