வாய்க்கால் கரை சைக்கிளுக்கு உரியது

மலையை அநுபவிக்க வேண்டுமானால் மலைமீது ஏறியே தீரவேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழ வேரூன்றிவிட்டது. விடுமுறை வந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கும், பண்ணாரியிலிருந்து 27 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து திம்பத்துக்கும் மோட்டார்கள் வரிசை வரிசையாக ஊர்ந்து செல்வதும், மலைக்காற்றை நாடிப் போனவர்கள் முன்னே நிற்கும் லாரியின் புகையைச் சுவாசித்துக்கொண்டு காத்துக் கிடப்பதும் சாதாரணக் காட்சிகளாகிவிட்டன. அதே வேளையில், அந்த மலைகளின் அடிவாரத்திலே, பவானிசாகர் அணையில் தொடங்கிக் கிழக்கு நோக்கிச் செல்லும் கீழ்பவானி வாய்க்காலின் கரைமீது, நெடுஞ்சாலையின் இரைச்சல் எட்டாத ஒரு சரளைப் பாதை பெரும்பாலும் ஆளரவமின்றிக் கிடக்கிறது. அந்தப் பாதையைச் சைக்கிளில் செல்வோருக்கென்று முறைப்படி அங்கீகரித்துக் காப்பாற்ற வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

புரட்டாசி மாதத்துக் காலை ஒன்றில் அந்தக் கரையில் சைக்கிளை விட்டேன். வலப்புறம் இரு கரையும் நிரம்பிச் சத்தமில்லாமல் நகரும் செந்நிற நீர். இடப்புறம், கரையிலிருந்து படிப்படியாகத் தாழ்ந்து செல்லும் நெல்வயல்கள். அவற்றுக்கு அப்பால் பவானி ஆற்றின் போக்கைக் காட்டிக்கொடுக்கும் தென்னைகள். எல்லாவற்றுக்கும் பின்னே, இடுப்பில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும் சத்தியமங்கலத்து மலைகள். இக்காட்சி ஒரு வளைவைக் கடந்தால் மறைந்துபோவதில்லை. மணிக்கணக்காகச் சென்றாலும் மலை கூடவே வருகிறது. வாய்க்காலின் மறுகரையிலோ, கொங்கு நாட்டார் மேட்டாங்காடு என்று சொல்லும் புன்செய் நிலமும் பனைமரங்களுமாக வேறோர் உலகம் தென்படுகிறது. நனைந்த நிலமும் உலர்ந்த நிலமும் ஒரே பார்வையில் அகப்படும்படியான பாதை நம் நாட்டில் அதிகம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் எதிர்ப்பட்ட வாகனம், பசும்புல் கட்டோடு வந்த ஒரு மொபெட் மாத்திரமே. அதை ஓட்டிவந்த பெரியவர் நின்று, "ஏனுங்க, அந்தப் பக்கம் தார் ரோடு நல்லாத்தானுங்க இருக்குது, இதுலெ எதுக்குங்க சிரமப்படறீங்க?" என்று பரிவோடு கேட்டார். "அங்கே பஸ்ஸுக்குப் பயந்துகொண்டு போகவேண்டும், ஐயா, இங்கே மலையைப் பார்த்துக்கொண்டு போகலாம்" என்றேன். அவர் திரும்பி மலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அது சரிதானுங்க" என்று ஒப்புக்கொண்டார்.

அடிவாரத்தில் இத்தனை சுகமான பாதை அமைந்ததற்குக் காரணம் தண்ணீரின் இயல்பே. தண்ணீர் மேடு ஏறாது. திடீரென்று பள்ளத்தில் பாய்ந்தாலோ கரையை அறுத்துவிடும். ஆகையால் வாய்க்கால் வெட்டும் பொறியாளர், நிலத்தின் மட்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, குன்று வந்தால் அதைச் சுற்றியும், ஓடை வந்தால் அதன் மேலாகவும் வழி கண்டு, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய சரிவில் நீரைக் கொண்டுசெல்கிறார். 1948-ஆம் ஆண்டு தொடங்கி 1955-இல் நிறைவெய்திய பவானிசாகர் அணையோடு பிறந்த இந்த வாய்க்கால், சுமார் 200 கிலோமீட்டர் தூரம் சென்று, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கிறது. நிலத்தை நனைப்பதற்காகப் பொறியாளர்கள் கண்ட மட்டமே, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, சைக்கிள் மிதிப்பவன் மூச்சு வாங்காமல் மலையோரம் சஞ்சரிப்பதற்கும் வழி செய்திருக்கிறது. ஆண் பெண், முதியோர் இளையோர் என்ற பேதமின்றி யாவரும் செல்லக்கூடிய பாதை இது.

வாய்க்கால் நெடுகிலும் மலைக்காட்சி உண்டு என்று நான் சொல்லவில்லை. கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்தைக் கடந்து, பெருந்துறை, நசியனூர்ப் பிரதேசத்தை நெருங்க நெருங்க மலைகள் பின்தங்கிவிடுகின்றன. அடிவாரப் பாதை என்னும் பெயருக்கு உரியது அதற்கு மேற்கிலுள்ள பகுதியே. முதல் முயற்சிக்கு அதுவே போதுமானது.

சரளைப் பாதைக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்கள் இப்போது நம் நகரங்களில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பந்தய சைக்கிளைப் போல் வளைந்த கைப்பிடியும், அதைவிட அகலமான டயரும் கொண்ட அவற்றின் விலையைக் கேட்டவர்கள், இது தனவந்தர்களின் பொழுதுபோக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அவ்வகை சைக்கிள்களில் பரவலாக உபயோகிக்கப்படும் டயரின் அகலம் சுமார் 40 மில்லிமீட்டர். நம் கிராமங்களில் பால் கேனையும் நெல்மூட்டையையும் சுமந்துசென்ற பழைய கறுப்பு சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம். அதாவது 38 மில்லிமீட்டர். மண்பாதைக்கு எவ்வளவு அகலமான சக்கரம் வேண்டும் என்பதைத் தார்ச்சாலை காணாத காலத்திலேயே நம்மவர்கள் அறிந்திருந்தார்கள். அன்றியும், பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு நமது அரசு ஆண்டுதோறும் சைக்கிள் வழங்கி வருகிறது. அது போற்றத்தக்க தர்மம். ஆனால் அந்தச் சைக்கிளை ஏறி மிதிக்கும் சிறுமி, கூரை உயர்ந்த பஸ்ஸுக்கும் மணல் லாரிக்கும் இடையே தார்ச்சாலையின் ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டியிருக்கிறதே என்பதை எண்ணும்போது, வண்டியைக் கொடுத்த அரசு வழியையும் கொடுக்கக் கடமைப்பட்டதல்லவா என்று கேட்கத் தோன்றுகிறது.

பிற தேசங்களில் இத்தகைய காரியம் நடந்திருக்கிறது. ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில், காதிஸ் மாகாணத்து மலைகளின் ஓரமாக, 1920-களில் ஒரு ரயில் பாதை அமைக்கத் தொடங்கினார்கள். மலைகளைக் குடைந்து 30 சுரங்கங்களும், பள்ளங்களின் மேல் நான்கு பெரும் பாலங்களும் கட்டப்பட்டன. ஆனால் பொருளாதார நெருக்கடியும் பிறகு உள்நாட்டுப் போரும் வந்து, அப்பாதையில் ஒரு ரயில்கூட ஓடாமலே போயிற்று. பல்லாண்டுகள் பாழாய்க் கிடந்த அதனை, 1993-ஆம் ஆண்டு முதல் அத்தேசம் மேற்கொண்ட 'பசுமை வழிகள்' என்னும் திட்டத்தின்கீழ், நடப்பவர்க்கும் சைக்கிள் மிதிப்பவர்க்கும் உரிய பாதையாக்கிவிட்டார்கள். புவெர்த்தோ செர்ரானோ என்ற ஊருக்கும் ஒல்வேரா என்ற ஊருக்கும் இடையே 36 கிலோமீட்டர் நீளும் அப்பாதையில், பயணியையே காணாத ரயில் நிலையக் கட்டடங்கள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் விளங்குகின்றன. வழியிலே, ஐரோப்பாவின் பெரிய பிணந்தின்னிக் கழுகுக் குடியிருப்புகளுள் ஒன்றான சாஃப்ரமாகோன் பாறையும் இருக்கிறது. ரயிலுக்காகச் செதுக்கிய மட்டம் அங்கே சைக்கிளுக்குப் பயன்படுகிறது. அவர்களுக்கு இடிபாடுகளைச் சீர்திருத்தும் செலவாவது இருந்தது. நம்முடைய வாய்க்கால் கரையோ இன்றும் பயனில் இருப்பது, அரசுக்குச் சொந்தமானது. நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலாவது, தார் போடக்கூடாது. 'பாதையை மேம்படுத்துகிறோம்' என்று நல்லெண்ணத்தோடு தார் ஊற்றிய இடங்களிலெல்லாம் முதல் வாரத்திலேயே கார்கள் குறுக்குவழி கண்டுகொண்டு வந்துவிடுகின்றன என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். சரளைக்கல் வேகத்தைத் தானே அடக்குகிறது. மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடுகிறது. கரைமேல் நிற்கும் மரங்களின் வேரை மூச்சுத் திணற வைப்பதில்லை. இரண்டாவது, பெருஞ்சாலைகள் வாய்க்காலைக் கடக்கும் இடங்களில், சைக்கிள் நுழையவும் கார் நுழையாதிருக்கவும் ஏற்ற கல்தூண்களை நட்டு, அவற்றை அகற்றி வழிவிடும் உரிமையை விவசாயிகளிடமும் நீர்வளத் துறையினரிடமும் விட்டுவிட வேண்டும். ஏனெனில் இந்தக் கரை முதலில் உழவனுக்கு உரியது. அவனுடைய டிராக்டரும் மாட்டுவண்டியும் சென்று மிஞ்சிய இடமே நமக்கு. வாய்க்காலுக்குக் காங்கிரீட் தளம் போடுவதா வேண்டாமா என்று அப்பகுதி மக்களிடையே நெடுங்காலமாக நிகழும் விவாதத்தில் நான் இங்கே புகவில்லை. எது முடிவானாலும் கரைமரங்கள் வெட்டப்படாமல் இருக்கவேண்டும் என்பதை மட்டும் சைக்கிள் பிரயாணியாகவும் கேட்டுக்கொள்கிறேன். நிழல் இல்லாத கரையில் பங்குனி வெயிலில் எவராலும் செல்ல இயலாது.

ஆபத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆகஸ்டு மாத நடுவில் மதகு திறந்தால் விநாடிக்கு 2,300 கனஅடி வரை இதில் நீர் ஓடுகிறது. நீந்தத் தெரிந்தவனையும் அந்த வேகம் இழுத்துவிடும். ஆகவே பாதை குறுகும் இடங்களிலும் பாலங்களின் அருகிலும் இடுப்பளவுத் தடுப்பு அவசியம். இருட்டிய பிறகு எவரும் கரைமீது செல்லலாகாது. அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியுள்ள வனத்தைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் கண்டிப்பானது. அது 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் வனம்; யானைகள் நீருக்கு இறங்கி வரும் இடம். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்கே உயர்நீதிமன்றம் தடை விதித்திருக்கும்போது, சைக்கிள் சத்தமில்லாதது என்ற காரணத்தைக் காட்டி அங்கே வழி கேட்பது நியாயமன்று. சத்தமில்லாமல் வளைவில் திடீரென்று எதிர்ப்படும் சைக்கிள் யானைக்கும் மனிதனுக்கும் ஒருங்கே தீங்கு. வனத்துக்கு வெளியே, வயலும் ஊரும் உள்ள கரை ஒன்றே நமக்கு வேண்டியது.

இப்போதே செல்ல விரும்பும் வாசகர்கள் குடிநீரும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும், ஒரு மாற்று டியூபும் கொண்டுசெல்லுங்கள். கரையோரத்துச் சீமைக்கருவேல முள் எந்த டயருக்கும் இரக்கம் காட்டுவதில்லை. வயலில் இறங்காதீர்கள், மதகுகளைத் தொடாதீர்கள், எதிரே ஆடுமாடு வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். நீர்வளத் துறையையும் ஈரோடு மாவட்ட நிர்வாகத்தையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: பவானிசாகருக்கும் கோபிக்கும் இடைப்பட்ட கரையை, அடுத்த பாசனத்துக்கு மதகு திறக்கும் முன்பாக, தார் போடாத சைக்கிள் பாதை என்று ஓர் ஆணையினால் அறிவித்து, முதல் கல்தூணை நட்டுவையுங்கள்.