முகூர்த்தத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது

காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் லேசில் ஏமாற மாட்டார்கள். காந்தி ரோட்டுக் கடையில் புடவையை விரித்ததும் சில்க் மார்க் சீட்டைத் தேடுவார்கள். விவரம் தெரிந்த அத்தை ஒருத்தி கூட வந்தால், ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று மோந்தும் பார்த்துவிடுவார். அதே குடும்பம் மணப்பெண்ணை ‘முகம் பளிச்சாக்க’ அழைத்துப் போகும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பப் பெண்கள் சிலர் கூடி ஊராரிடம் வைக்கும் வேண்டுகோள் இதைப் பற்றித்தான்.

இவர்களில் ஒருவருடைய மகளுக்குக் கன்னத்தில் மங்கு. கல்யாணம் நெருங்கும் நேரத்தில் அழகு நிலையம் ஒன்றில் ‘பீலிங்’ செய்தார்கள். அமிலத்தைப் பூசி மேல்தோலை உரிப்பது. உரிந்தது, எரிந்தது, பிறகு மங்கு இருந்த இடத்தையும் தாண்டிக் கருத்துப்போனது. “வெயில்ல போயிருப்பீங்க” என்றார்கள். பில் கேட்டால், இல்லை.

மாநிறத் தோலில் இது நடக்கக்கூடியதே. அமிலத்தின் வீரியமோ லேசரின் சூடோ கூடினால், புண்பட்ட இடத்தில் நிறமி இன்னும் அதிகமாகச் சுரக்கும். ஹார்மோனாலும் வெயிலாலும் வரும் மங்கு ஒரே நாளில் உரித்தெடுக்கக்கூடியதும் அல்ல. தோல் மருத்துவர் செய்தாலும் ஆபத்து உண்டு. ஆனால் அவர் அதை முன்பே சொல்லி, குறைந்த வீரியத்தில் தொடங்க வேண்டியவர்.

கிரீம் சங்கதி இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்தது முதலில் முகத்தை வெளுக்க வைக்கும். அதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். போகப்போகத் தோல் மெலியும், பரு கிளம்பும், பெண்களுக்கு மீசை அரும்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

பாதரசம் கலந்த கிரீமின் கேடு முகத்தோடு நிற்பதில்லை, சிறுநீரகம்வரை போகும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள்!

ஆகவே குழுவினர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஊசியோ லேசரோ அமிலமோ, செய்யப்போகிறவர் யார் என்று கேளுங்கள். டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். கல்யாணத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், அழகு நிலையத்தார் அவசரப்படுத்தினால் எழுந்து வாருங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை உண்டு: “பொண்ணு லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம் மட்டு” என்ற பேச்சை வாசலோடு விட்டுவிடுங்கள். பாதி பேரை அழகு நிலைய நாற்காலியில் உட்கார வைப்பது அதுதான்.

ஏற்கெனவே முகம் கெட்டுப்போனவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். பூசிய டியூபை எறியாமல் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போகலாம். பணம் கட்டிப் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 1915 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். புகாருக்கு பில் வேண்டும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் வேண்டும். பில் தர மறுக்கும் இடத்தில் முகத்தையும் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள் இந்தப் பெண்கள்.