முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறன்று மாலை, மணப்பெண்ணின் தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். திருப்பலி நேரத்தைப் பற்றிப் பேச வந்தார் என்றே எண்ணினோம். "சாமி, மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். கலியாணத்தன்று பவுண்டேஷன் போட்டு இரண்டு படி வெளுப்பாகக் காட்டலாம் என்று பார்லரில் சொல்கிறார்கள். போடலாமா? பாவமில்லையே?" என்றார்.

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருக்கையில், முகப்பூச்சைக் கண்டித்து ஒரு ஞாயிறு மறையுரை நிகழ்த்தினோம். முகத்தைப் பூசி மறைப்பவர் படைத்தவரின் கைவேலையில் குறை காண்கின்றார் என்று உரத்த குரலில் முழங்கினோம். பாடகர் குழுவில் இருந்த இளம்பெண் ஒருத்தி அடுத்த ஞாயிறு முதல் வரவில்லை. அவளுக்கு வாயைச் சுற்றி வெண்புள்ளி பரவியிருந்ததும், அதைப் பவுண்டேஷனால் மறைத்துக்கொண்டே அத்தனை நாளும் முன்வரிசையில் நின்று பாடியதும் ஓராண்டு கழித்தே நமக்குத் தெரிந்தன. வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். கோவிலுக்கு மறுபடி வந்தாள். பாடகர் குழுவுக்கு வரவேயில்லை.

இத்தனைக்கும் புனித தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலேயே தம் இறையியல் தொகுப்பில் இதை ஆராய்ந்திருக்கின்றார். இல்லாத அழகைப் போலியாகக் காட்டுவது வேறு, நோய் முதலியவற்றால் நேர்ந்த குறையை மறைப்பது வேறு. பின்னதில் குற்றமில்லை என்பது அவர் முடிவு. முன்னதையுங்கூட எப்போதும் சாவான பாவம் என்று அவர் சொல்லவில்லை. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதிய நாம்தான் மறையுரை மேடையில் மறந்தோம்.

ஆகவே இம்முறை அந்தத் தாயைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நம் பங்கில் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்யும் சகோதரி ஒருவரை அழைத்து விவரம் கேட்டோம். அவர் சொன்னது நமக்கு வியப்பாயிருந்தது.

பவுண்டேஷனுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடியும், மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களிலுள்ள இரும்பு ஆக்சைடுகளுமேயாம். வெளுப்பான வகையில் வெண்பொடி மிகுதி. அதைக் கருமையான தோலின்மேல் பூசினால் வெளுப்பு வருவதில்லை. சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகின்றது. புகைப்படக்காரரின் பிளாஷ் ஒளி பட்டால் இன்னும் மோசம். திருநீற்றுப் புதனுக்கு அம்முகம் பொருந்தலாம், திருமணத்திற்குப் பொருந்தாது. கழுத்தும் கையும் தம் நிறத்தில் நின்று உண்மையைச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

ஆதலால் நிறம் தேர்வதே முதல் வேலை. கடை விளக்கின் அடியில் நின்று தேரலாகாது. மணிக்கட்டிலும் தடவிப் பார்க்கலாகாது. தாடையோரத்தில் இரண்டு மூன்று நிறங்களைக் கோடுகளாக இழுத்து, வாசலுக்கு வந்து பகலொளியில் பார்க்கவேண்டும். பூசியபின் சற்றே கருக்கும் வகைகள் உண்டாதலின் பத்து நிமிடமாவது பொறுக்கவேண்டும். எந்தக் கோடு தோலோடு கலந்து காணாமற்போகின்றதோ அதுவே உரியது. மேல்நிறம் ஒத்திருந்தாலும் உட்சாயல் மாறுபடலாம். நம்மவருள் பலருக்கு மஞ்சள் அல்லது பொன் சாயல் இருப்பதால், இளஞ்சிவப்புச் சாயலுள்ள பூச்சு ஒட்டாமல் தனித்து நிற்கும். முன்னெல்லாம் கருமையான தோலுக்குரிய நிறங்கள் கடைகளில் அரிது. 2017இல் பாடகி ரியானா தொடங்கிய நிறுவனம் 40 நிறங்களோடு விற்பனைக்கு வந்தபின் பிறரும் வரிசையை நீட்டினர்.

அடுத்தது தோலின் தன்மை. முகத்தைக் கழுவித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டு, மெல்லிய தாளை ஒற்றிப் பாருங்கள். எங்கும் எண்ணெய் படிந்தால் எண்ணெய்ப்பசைத் தோல்; எண்ணெய் சேர்க்காத, பளபளப்பற்ற வகை ஏற்றது. தாளில் ஒன்றும் படியாமல் முகம் இழுத்துப் பிடித்தாற்போலிருந்தால் வறண்ட தோல். முதலில் ஈரப்பதம் காக்கும் கிரீம் தடவி, பின் கிரீம் போன்ற அல்லது திரவமான பூச்சு. வறண்ட தோலில் பவுடர் வகை திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் வழிபவர்க்கு அவ்விடங்களில் மட்டும் சிறிது பவுடர் போதும்.

பூசும் முறையில் பெரிய இரகசியம் இல்லை. சிறிதளவே எடுத்து, முகத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, நனைத்துப் பிழிந்த ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்பி, தாடைக்குக் கீழே கழுத்தோடு கலக்கவேண்டும். போதாவிடில் அவ்விடத்தில் மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு. புதிய பொருளாயின் இரண்டு நாள் முன்னரே காதின் பின்புறம் தடவி அரிப்பு வருகின்றதா எனப் பார்ப்பது நலம். ஒருவர் முகத்தில் பட்ட ஸ்பஞ்சு மற்றவர்க்கு ஆகாது. எவ்வளவு களைப்பாயினும் இரவில் கழுவாமல் படுக்கலாகாது.

அந்தத் தாயின் பையில் வேறொன்றும் இருந்தது. செய்தவர் பெயரோ சேர்மானமோ அச்சிடாத டப்பா. ஒரு மாதத்தில் சிவப்பாக்கும் கிரீமாம். பவுண்டேஷன் கழுவினால் போய்விடும், இது போகாது. இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. அது தோலின் நிறமியைத் தடுக்கும். உடலுட்சென்று சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்த சிலர் இவ்வகைக் கிரீம் பூசியவர்கள் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். டப்பாவைத் திருப்பித் தரமாட்டோம் என்று கூறி மேசையில் வைத்துக்கொண்டோம். தாய்க்கு நம்மேல் சற்று வருத்தந்தான்.

மறுநாள் மணமகனை அழைத்து, "தம்பி, பெண்ணின் நிறத்தைப் பற்றிச் சொன்னது நீயா?" என்று கேட்டோம். அவன் திகைத்தான். சொன்னவர் அவனுடைய அத்தை. அப்படியொரு பேச்சு நடந்ததே அவனுக்குத் தெரியாது. அன்று மாலையே பெண்வீட்டிற்குச் சென்று பேசிவிட்டு வந்தான்.

திருமணத்தன்று பவுண்டேஷன் போட்டுத்தான் இருந்தாள். பதிவேட்டில் அவள் குனிந்து கையொப்பமிடுகையில் பார்த்தோம். முகமும் கழுத்தும் கையும் ஒரே நிறமாயிருந்தன. அத்தையும் சாட்சிகளின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.